ஜெராட்டின் மூக்கும் மூன்று லீற்றர் போத்தலும்

ஜெராட் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால், லண்டன் ஹரோவில் இருக்கும் அவனுடைய சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "குடிச்சுச் சம்பளம் எடுக்கிறவன்" என்பார் அவன் மனைவி ஜெயகௌரியின் சித்தப்பா. "குடிக்கிறேல்லையாமப்பா, வாயில விட்டுக் கொப்பளிச்சுத் துப்புறதாம்" என்று சித்தி திருத்துவாள். "துப்புறதுக்கும் சம்பளமோ!" என்று சித்தப்பா வாயைப் பிளப்பார். பிறகு அவரே ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் ஏதாவதொரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தா தம்பி, இதை ஒருக்கா மணந்து சொல்லும் பாப்பம்" என்று நிற்பார். ஜெராட்டும் சளைக்காமல் மணந்து சொல்லுவான். எட்டு பவுண் போத்தலாக இருந்தாலும் குறை சொல்லமாட்டான். அவ்வளவு நல்ல மனுஷன்.

உண்மையில் அவனுடைய வேலை இதுதான். லண்டனில் காசை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் ஆட்களை, ஸ்பெயினின் வடக்கே உள்ள ரியோஹா என்ற வைன் நாட்டுக்கு ஒரு கம்பனி அழைத்துப் போகிறது. பழைய மடாலயத்தைத் திருத்திக் கட்டிய ஹோட்டலில் தங்கல். விடியப் பலூனில் ஏறித் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலால் ஒரு சுற்று. பின்னேரம் நூற்றைம்பது வருடப் பழைய நிலவறைக்குள் மெழுகுதிரி வெளிச்சத்தில் விருந்து. அந்த ஊரில் ஆரோ என்று ஒரு பட்டணம் இருக்கிறது. ஹரோவில் இருந்து ஆரோவுக்கு ஆட்களை இழுத்துக்கொண்டு திரிகிறேன் என்று ஜெராட் பகிடி விடுவான்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் லண்டனில் ஒரு மதிய விருந்து நடக்கும். போகலாமா விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு வைனைக் காட்டி மனதை மாற்றுவதற்கு. அங்கே ஜெராட் ஒவ்வொரு போத்தலையும் திறந்து, முதலில் தன்னுடைய கிளாசுக்குள் ஒரு மிடறு ஊற்றி, மணந்து பார்த்து, தலையை ஆட்டுவான். அவன் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றலாம். தக்கை பழுதாகி வைன் கெட்டுப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது அந்த முதல் மணத்தில்தான். விருந்தாளியின் கிளாசுக்குள் கெட்ட வைன் போகக்கூடாது. போனால் அது மணந்தவனுடைய குற்றம்.

இந்த இடத்துக்கு அவன் சும்மா வரவில்லை. யாழ்ப்பாணம் குருநகரில் இருந்து பதினாறு வயதில் பாரிசுக்கு வந்து இறங்கியவன், ஏழு வருடம் ஒரு ரெஸ்டோரண்டின் பின்பக்கத்தில் கிளாஸ் கழுவினான். மற்றவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு கழுவினார்கள். இவன் ஒவ்வொரு கிளாசையும் தண்ணீருக்குள் விட முதல் மூக்கருகில் கொண்டுபோய், அடியில் கிடக்கும் சொட்டை மணந்து, இது நேற்றைய பன்னிரண்டாம் மேசை வைன், இது அதில்லை என்று தனக்குள்ளே சொல்லிப் பழகினான். சரியா பிழையா என்று பார்க்க வெறும் போத்தல்களைக் கிளறுவான். மூக்கில் ஏதோ வருத்தம் என்று கூட வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். லண்டனுக்கு வந்து, பகலில் பரிமாறி, லீவு நாட்களில் படித்து, இரண்டு தரம் பெயிலாகி, மூன்றாம் தரம் சோதனையில் பாசானான்.

அவனைத் தூக்கிவிட்டது ஒரு வார்த்தை. பழைய ரியோஹா வைனை அமெரிக்க ஓக் மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் கிடக்க விடுவார்கள். அதன் மணத்தை வெள்ளைக்காரர்கள் வனிலா என்றார்கள். ஜெராட் ஒரு விருந்தில், "இல்லை, இது என் அம்மா கறிக்கு வறுக்கிற தேங்காய்ப்பூ" என்றான். எல்லாரும் மறுபடி மணந்தார்கள். ஓமோம், தேங்காய்தான்! அன்றைக்கே கம்பனி முதலாளி பிலிப்பா அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். இது நடந்து ஒன்பது வருடம்.

போன ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது மணத்தையும் கொண்டு போய்விட்டது. கோப்பி சுடுதண்ணியாய் இருந்தது. மீன் பொரித்தால் சத்தம் மட்டும் கேட்டது. டொக்டர், சிலருக்கு வரும், சிலருக்கு வராது, பொறுத்துப் பாருங்கள் என்றார். காலையும் மாலையும் நாலு சாமான்களை மணந்து பயிற்சி செய்யச் சொன்னார். ஜெயகௌரி நாலு ஜாம் போத்தல்களில் கராம்பு, தேசிக்காய்த் தோல், பன்னீர், யூகலிப்டஸ் எண்ணெய் என்று வைத்துக் கொடுத்தாள். ஏழு மாதமாக அவன் அதை மணக்கிறான். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு மணந்தால் நாலும் ஒன்றுதான்.

கம்பனியில் சொல்ல அவனுக்குத் துணிவு வரவில்லை. நாற்பத்தைந்து வயதில், மணக்கத் தெரியாத மணக்காரனை யார் வைத்திருப்பார்கள்? வீட்டுக்கு மோர்ட்கேஜ் இருக்கிறது, மகள் யூனிவர்சிட்டிக்குப் போகிறாள் என்பதெல்லாம் ஒருபக்கம். அதைவிட, இந்த மூக்கை எடுத்துவிட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்ற பயம் அவனை அரித்தது. கிளாஸ் கழுவுகிறவன்தான் மிச்சம்.

ஆகவே அவனும் ஜெயகௌரியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விருந்துக்கு முதல்நாள் போத்தல்களைத் தானே பொறுப்பெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவான். பழைய வைனை முன்கூட்டியே திறந்துவைத்தால் நல்லது என்று ஒரு சாட்டு. சாப்பாட்டு மேசையில் வரிசையாகத் திறந்துவைக்க, வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைக்காத ஜெயகௌரி, சேலைத் தலைப்பைத் தோளில் இறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாய் மணப்பாள்.

"இது நாவற்பழம் மாதிரிக் கிடக்கு."

"அடுத்தது?"

"இது சாதிக்காய், புகையிலை... இது குடத்தனைப் பெரியப்பாடை சுருட்டுப் பெட்டி."

ஜெராட் குறித்துக்கொண்டு, தக்கைகளைத் திரும்ப இறுக்குவான். அடுத்தநாள் விருந்தில் சுருட்டுப் பெட்டியைச் சொல்ல, ஆட்கள் மயங்குவார்கள். ஆறு மாதம் இப்படி ஓடியது. ஒரு தரம் அவள் முகத்தைச் சுளித்து ஒரு போத்தலைத் தள்ளிவைத்தாள். அதை அவன் ஒருவருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டான். "எனக்கெல்லோ சம்பளம் தரவேணும்" என்று அவள் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தான்.

செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, பணக்காரர் இருக்கும் மேபெயரில் ஒரு பெரிய வீட்டின் மேல்மாடியில் விருந்து. இருபது பேர். ஜெராட் போத்தல்களோடு போய்ச் சேர்ந்தபோது, பிலிப்பா வாசலிலேயே நின்று கையைப் பிடித்தாள். ரியோஹாவில் இருந்து, அந்த நிலவறைக்காரர்களே ஒரு பரிசு அனுப்பியிருக்கிறார்களாம். இன்று காலைதான் வந்ததாம். மேசையின் நடுவில் ஒரு குழந்தையளவு போத்தல் நின்றது. மூன்று லீற்றர். கழுத்தில் சிவப்பு அரக்கு. பிலிப்பா பிறந்த வருடத்து வைன்.

"இதை எல்லாருக்கும் முன்னால் நீங்கள் திறக்கவேண்டும், ஜெராட். கடைசியாக."

இந்தப் போத்தலை ஜெயகௌரி மணக்கவில்லை. முதல் ஐந்து போத்தலையும் எப்படித் திறந்தான், என்ன சொன்னான் என்று பிறகு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. வாய் தன்பாட்டில் கதைத்தது. கண் அந்தப் பெரிய போத்தலில் இருந்தது. ஜெயகௌரியைக் கூப்பிடலாமா என்றுகூட ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. மெற்றோபொலிட்டன் லைன் ரயிலில் வந்து இறங்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். வந்து என்ன சொல்லி உள்ளே விடுவது?

நேரம் வந்தது. அரக்கை உடைத்தான். தக்கை முறியாமல் முழுதாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு மிடறு ஊற்றினான். நிறம் அழகாகத்தான் இருந்தது, பழைய செங்கல் மாதிரி. மூக்கைக் கிளாசுக்குள் விட்டு ஆழமாக இழுத்தான்.

குளிர்ந்த காற்று. வேறொன்றுமில்லை.

அவன் இன்னொருமுறை இழுத்தான். கடவுளே, ஒரு துளி, ஒரு சின்னத் துளி. இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார்கள். வாயில் விட்டுப் பார்த்தான். புளிப்பு தெரிந்தது, கொஞ்சம் கைப்புத் தெரிந்தது. நாக்கு அவ்வளவுதான் சொல்லும். தெரியாது என்று சொல்ல வாய் திறந்தால் இன்றோடு எல்லாம் முடிந்தது. இப்படியான நிலவறையில் இருந்து வந்த போத்தல் நல்லாய்த்தானே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லி, தலையை ஆட்டினான்.

"வறுத்த தேங்காய்ப்பூ" என்றான். "அடுப்பில் இருந்து இப்போதுதான் இறக்கியது."

கிளாசுகள் நிறைந்தன. வயதான ஒரு மனுஷர், ஓய்வுபெற்ற நீதிபதி, மணந்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். மறுபடி மணந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு ஜெராட்டைப் பார்த்து, ஆங்கிலேயருக்கே உரிய மரியாதையோடு, "ஆம், தேங்காய். நிச்சயமாக" என்றார். ஒரு அம்மா மண் வாசனை என்றாள். இன்னொருவர், இதெல்லாம் பழகினால்தான் விளங்கும் என்றார். ஒருவரும் கிளாசில் மிச்சம் விடவில்லை. அன்றைக்கே பன்னிரண்டு பேர் அக்டோபர்ப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தார்கள்.

பெரிய போத்தலில் மிஞ்சியதை ஒரு சின்னப் போத்தலில் விட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜெயகௌரி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு மணந்தாள். உடனே தலையைப் பின்னால் இழுத்தாள்.

"இஞ்சேருங்கோ, என்னப்பா உது? எங்கடை கராஜுக்குள்ள மழை ஒழுகி ஊறிப்போன பெட்டி மணக்குது. பூஞ்சணம். சீ!"

"வடிவாப் பார்."

"என்னத்தை வடிவாப் பாக்கிறது? பழுது. நல்லாப் பழுதாப் போச்சுது. உதை ஆருக்கேனும் குடுத்தனீங்களே?"

ஜெராட் போத்தலை வாங்கி மூடினான். அவளுக்கு விளங்கிவிட்டது.

அன்றிரவும் ஞாயிற்றுக்கிழமையும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நீதிபதியின் நெற்றிதான் கண்ணுக்குள் நின்றது. அந்த மனுஷருக்குத் தெரிந்திருக்கிறது! தன்னுடைய மூக்கை நம்பாமல், இவனுடைய தலையாட்டலை நம்பிக் குடித்திருக்கிறார். இருபது பேரை வைத்து ஏமாற்றிவிட்டேன் என்ற வெட்கம் ஒருபக்கம். அக்டோபரில் அந்த நிலவறைக்காரர்களுக்கு முன்னால், மணந்தே பிறந்த ஆட்களுக்கு முன்னால், எப்படி நிற்பது என்ற பயம் மறுபக்கம். "போய் உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள் ஜெயகௌரி. "வேலை போனாப் போகட்டும். நான் என்ரை வேலையில இன்னொரு ஷிப்ட் எடுக்கிறன். இப்பிடிச் செத்துச் செத்துப் பிழைக்க ஏலாது."

திங்கட்கிழமை போய்ச் சொன்னான். பிலிப்பாவின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே, ஜனவரிக் காய்ச்சலில் இருந்து சனிக்கிழமைப் போத்தல்வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிக் கொண்டு போயிருந்தான். அதை மேசையில் வைத்தான்.

அவள் அதைத் தொடவில்லை. இரக்கமாகத்தான் பார்த்தாள்.

"இருங்கள், ஜெராட். அந்தப் போத்தல் கெட்டது என்று எனக்கும் தெரியும். முதல் மணத்திலேயே."

"அப்படியென்றால் ஏன் நிறுத்தவில்லை?"

"நீங்கள் அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்கள் மூக்கும் எனக்குத் தெரியும். பெப்ரவரியில் இருந்தே. அலுவலகத்தில் பால் திரிந்து நாறியது. நீங்கள் அதைக் கோப்பிக்குள் விட்டீர்கள்."

ஜெராட் கதிரையில் இருந்தான்.

"நானாகக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை" என்றாள். "அவசியமும் இருக்கவில்லை. அங்கே மணப்பதற்கு நிலவறைக்காரர்கள் இருக்கிறார்கள். இந்த ஆட்கள் உங்களிடம் வாங்குவது மணத்தை இல்லை. அகதியாக வந்த பையன், கிளாஸ் கழுவியது, அம்மாவின் தேங்காய். அதைத்தான். பன்னிரண்டு பேரும் நீங்கள் வந்தால்தான் வருவோம் என்று எழுதியிருக்கிறார்கள்." கடிதத்தை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள். "ஒரு உதவி மட்டும். இதை வேறொருவருக்கும் சொல்லாதீர்கள்."

அவன் என்னவோ சொல்ல நினைத்தான். பாரிசில் ஏழு வருடம் மணந்த கிளாசுகளைப் பற்றி, இரண்டு தரம் பெயிலான சோதனையைப் பற்றி. யாருக்குச் சொல்வது? கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நன்றி" என்றான். அந்தச் சொல் தன் வாயில் இருந்து வந்தது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜெயகௌரி கதவடியிலேயே நின்றாள்.

"என்னவாம்?"

"வேலை இருக்காம்."

"மெய்யேப்பா?" அவள் நெஞ்சில் கையை வைத்தாள். "அப்ப மூக்கு?"

"மூக்குத் தேவையில்லையாம். முந்தியும் பெரிசாத் தேவைப்படேல்லையாம்."

"அப்பாடா!" என்று அவள் இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள். "நான் என்ன பாடு பட்டன் தெரியுமே? நல்லதுதானேயப்பா, உதுக்கேன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவதென்று அவனுக்குத் தெரியவில்லை. "ஓம், நல்லதுதான்" என்றான். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவன், மாடிப்படியில் அப்படியே இருந்து, இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதான்.