கொசுறாகக் கொடுத்த நாய்த் தீவனம்

அருப்புக்கோட்டையில் தீவனக் கடை வைத்திருக்கிறேன். தவிடு, புண்ணாக்கு, கோழித் தீவனம், சில வருடங்களாக நாய்த் தீவனமும் உண்டு. நாய்க்குப் போய் யாராவது காசு கொடுத்துச் சாப்பாடு வாங்குவார்களா என்று முதலில் கிண்டல் அடித்தவன் நான்தான். டவுனில் தெருவுக்கு நாலு வீட்டில் சடை நாய் வளர்க்க ஆரம்பித்த பிறகு, வாயை மூடிக்கொண்டு மூட்டை இறக்கினேன்.

பெரிய மூட்டையைப் பிரித்து ஒரு டிரம்மில் கொட்டி, சில்லறையாக அள்ளிக் கொடுப்பேன். டிரம் காலியாகும் முன்பே அடுத்த மூட்டையை அதன் தலையில் கொட்டிவிடுவேன். டிரம்மை ஒரு நாளும் கழுவியதில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் பக்கம் கொசுறு கொடுக்காத கடைக்கு இரண்டாம் முறை யாரும் வர மாட்டார்கள். புண்ணாக்கு வாங்க வருகிறவர் வீட்டில் நாய் இருப்பது தெரிந்தால், அந்த டிரம்மில் இரண்டு கை அள்ளி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். அவர்கள் முகம் மலரும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். தாராள மனசுக்காரன் என்று பேர் வாங்க அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பெண் மாதம் ஒரு முறை ஷேர் ஆட்டோவில் வந்து, தன் பசுவுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வாங்குவாள். கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டில் புருசன், மாமியார், ஒரு வயதுப் பெண் குழந்தை, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நாய்க்குட்டி. அன்றைக்கு அவள் நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னதும் நான் மூன்று கையாக அள்ளிக் கொடுத்தேன். "எதுக்குண்ணே இம்புட்டு?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

அதற்கு மறுநாள் மொத்த வியாபாரியிடமிருந்து செல்போனுக்குச் செய்தி வந்தது. ஒரு பேட்ச் நம்பரைப் போட்டு, பரிசோதனையில் சால்மோனெல்லா கிருமி இருப்பது தெரிந்திருக்கிறது, விற்க வேண்டாம், பிரிக்காத மூட்டைகளைத் திருப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே இன்னும் நாலு வரி. நாய்க்கு ஒன்றும் செய்யாமலும் போகலாம். ஆனால் தீவனத்தைத் தொட்ட கையோடு சாப்பிட்டால் மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சிறு குழந்தைகளுக்கு ஆபத்து. வாங்கியவர்களுக்கு உடனே தெரிவிக்கவும். டிரம்முக்குப் பக்கத்தில் கிடந்த வெற்றுச் சாக்கைப் புரட்டிப் பார்த்தேன். அதே நம்பர். டிரம்மில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது.

ஊருக்கு வெளியே குழி தோண்டி அதைக் கொட்டி மூடினேன். டிரம்மைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். சடை நாய்க்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, மூட்டை பழசாகிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்றேன். கிருமி என்ற வார்த்தையை மறந்தும் சொல்லவில்லை. அவர்கள் படித்தவர்கள், செய்தி எப்படியும் காதுக்கு எட்டும், கடைக்கு வந்து கத்துவார்கள். அந்தப் பயத்தில்தான் கூப்பிட்டேன்.

கொசுறு வாங்கியவர்கள் யாரும் வந்து கத்தப்போவதில்லை. சும்மா கொடுத்ததற்கு என்ன கேள்வி கேட்க முடியும்? அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருப்பது எனக்குத் தெரியும். அவளுடைய போன் நம்பர் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் ஊருக்குப் போகும் ஆட்டோக்காரர்கள் என் கடை வாசலில்தான் டீ குடிப்பார்கள். ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தால் போதும். சொல்லவில்லை. இரண்டு நாளில் மறந்தும் போனேன்.

பதினோரு நாள் கழித்து அவள் வந்தாள். ஆளே பாதியாக இளைத்திருந்தாள்.

"அண்ணே, அன்னைக்குக் குடுத்தீகளே, அது கொஞ்சம் இருந்தா குடுங்க. அடியில ஒரு கைதான் கெடக்கு. குட்டி வேற எதையும் மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது."

"ஏன் தாயி, ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கு இல்லண்ணே, பாப்பாவுக்கு. ரத்தமா வெளிக்குப் போயி, காச்சலு. அஞ்சு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தோம். முந்தாநாத்துதான் வீட்டுக்கு விட்டாக. தண்ணியக் காச்சாமக் குடுத்துட்டேன்னு எங்க அத்தை இன்னும் ஏசுறாக. எம்புருசனும் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாரு. நான் காச்சித்தாண்ணே குடுத்தேன்."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். செய்தி வந்து நாலு நாள் கழித்துத்தான் குழந்தை படுத்திருக்கிறது. நல்ல பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் எடுத்து அவள் கையில் திணித்தேன். பழசைக் கொட்டிவிடு என்று மட்டும் சொன்னேன்.

"எதுக்குண்ணே கொட்டணும்? இதையும் அந்த டப்பாவுலயே போட்டுக்கிறேன்" என்றாள். "பாப்பா அதத் தெறந்து எடுத்து விளாண்டுக்கிட்டே இருப்பா. ஒண்ணு ரெண்டு வாயிலயும் போட்டுக்குவா. அது ஒண்ணுதான் இப்ப அவளுக்கு வெளையாட்டு."

அவள் ஆட்டோ ஏறிப் போனாள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் கிருமி இருக்கிறது, குழந்தைக்கு எதனால் வந்தது என்று யார் கண்டார்கள் என்று என் பக்கம் நானே வாதாடினேன். அந்த டப்பா திறந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் வாதம் நின்றுவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு பைக்கை எடுத்தேன்.

எம்.ரெட்டியபட்டியில் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனபோது, வாசலில் மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். டப்பா உள்ளே சுவரோரம் இருந்தது, நல்லவேளையாக மூடியோடு. புதுப் பாக்கெட் இன்னும் பிரிக்கப்படவில்லை. மாமியார், மருமகள் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். நான் கொடுத்த தீவனத்தில் கிருமி இருந்திருக்கிறது, தண்ணீரால் வந்ததாக இருக்காது, மருமகள் மேல் தப்பில்லை என்றேன். திட்டுவார்கள், திட்டட்டும் என்று நின்றேன்.

மாமியார் மருமகளைப் பார்த்தார். "தெரியாம உன்னய ஏசிப்புட்டேன்" என்றார். மருமகள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்பண்ணே தெரியும்?"

"இப்பத்தான். நீ போன பெறகுதான் போன் வந்துச்சு" என்றேன்.

சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டுச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதைத் திருத்த எனக்கு நேரமும் இருந்தது. இரண்டு பேரும் நான் பேசுவதைக் கேட்கத் தயாராகத்தான் நின்றார்கள்.

"தெரிஞ்ச ஒடனே கடையப் பூட்டிட்டு ஓடியாந்துருக்காக பாரு. இந்தக் காலத்துல யாரு வருவா?" என்றார் மாமியார். "தம்பி, ஒக்காருங்க. வெயில்ல வந்துருக்கீக."

அவர் காபி போட்டுக் கொண்டுவந்தார். குழந்தை தன் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கைகால் குச்சியாக இருந்தது. நான் அந்தக் காபியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.