தேயவே தேயாத கற்றாழை நார்

2007 பங்குனியில் எங்கள் வீட்டில் உராய்வைத் தவிர வேறு பேச்சே இல்லை. என் தங்கை கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எம்.இ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கற்றாழை நாரை எபாக்ஸி பிசினில் வைத்து இறுக்கினால், ஒன்றோடொன்று உரசும் இயந்திரப் பாகங்களை அதில் செய்ய முடியுமா என்பது அவளுடைய ஆய்வு. பொங்கலூர்ப் பக்கம் காட்டு வேலியில் கேட்பாரற்றுக் கிடக்கிற கற்றாழைதான். சாயப்பட்டறையில் ஈரத் துணி ஏற்றுகிற தள்ளுவண்டிகளின் சக்கரத்துக்குள் அச்சைச் சுற்றி இருக்கும் இரும்பு வளையம், புஷ் என்பார்கள், துருப்பிடிக்கும். அந்தத் துரு துணியில் ஒட்டினால் மொத்த ரோலும் ரிஜெக்ட். பனியன் தொழில் நடத்தும் எங்கள் வீட்டில் இந்தப் புலம்பலைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டே வளர்ந்தவள் அவள். துருப்பிடிக்காத புஷ் ஒன்று செய்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கோ அதில் பெரிய நம்பிக்கை இல்லை. "ரெண்டாவது ரிவ்யூவுல உருப்படியா ஏதாச்சும் காட்டும்மா. இல்லைன்னா மத்தவங்க மாதிரி கண்ணாடி நாருக்கு மாத்திக்க" என்று சொல்லிவிட்டார். கண்ணாடி நாரில் ஏற்கெனவே அவள் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது ஆளாகப் போய் நிற்பதைவிடப் படிப்பையே நிறுத்திவிடலாம் என்றாள். அவள் சொன்னால் செய்யக்கூடியவள் என்பதால் அம்மாவுக்குத்தான் பயம்.

சோதனை புரிந்துகொள்ளச் சுலபமானது. சுழலும் எஃகுத் தட்டின்மேல், கற்றாழை நாரும் பிசினும் சேர்த்து வார்த்த ஒரு சிறு குச்சியை நிறுத்தி, எடை தொங்கவிட்டு அழுத்துவார்கள். தட்டு ஓட ஓட உராய்வின் அளவு கணினித் திரையில் கோடாக வரும். முடிந்ததும் குச்சியை எடை போட்டுப் பார்த்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அசிட்டோன் ஊற்றித் தட்டைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

திருப்பூரில் எதைத் துடைத்தாலும், பனியன் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளான பனியன் வேஸ்ட்டில்தான் துடைப்போம். பைக், டிவி, மிக்ஸி, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதுதான். என் யூனிட்டில் கட்டிங் டேபிளுக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தங்கை அதில் நல்ல வெள்ளையாக, மெத்தென்று இருந்த துண்டுகளாகப் பொறுக்கி ஒரு பை நிறைய எடுத்துப் போனாள்.

"ஏனுங்கண்ணா, எக்ஸ்போர்ட் குவாலிட்டியில தட்டுத் தொடைக்கிற ஒரே ஆளு நானாத்தானுங்க இருப்பேன்."

முடிவுகள் வரத் தொடங்கின. குச்சி தேயவில்லை. உண்மையாகவே தேயவில்லை, தராசில் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே எடை. உராய்வுக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. கண்ணாடி நார்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, துணி நன்றாக இருக்கிறதே என்று ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களுக்கும் அந்த வாரம் முடிவுகள் அருமையாக வந்தன. இவள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ஒரு பாடமே நடத்தினாள்.

பிறகு பை காலியானது. மருந்துக்கடைப் பஞ்சு வாங்கித் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அதே நார், அதே பிசின், அதே எடை. குச்சி பல்பம் மாதிரிக் கரைந்தது.

ரிவ்யூவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சொம்பைத் தட்டிவிட்டு, கொட்டின தண்ணீரைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன எளவு துணியோ! தண்ணியே குடிக்க மாட்டீங்குது. அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிக்கிட்டுத்தான் திரியுது."

தங்கை திரும்பிப் பார்த்தாள். துணியின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

"இதுல என்னங்கண்ணா போட்டிருக்கு?"

"சிலிக்கான் சாஃப்ட்னர் அம்மிணி. தொட்டா வழுவழுன்னு இருந்தாத்தான் பையர் எடுப்பான்" என்றேன்.

"அசிட்டோன் பட்டா அது துணிய விட்டு வருமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அப்ப நான் தட்டைத் தொடைக்கலீங்கண்ணா. ஒவ்வொரு வாட்டியும் நல்லா கிரீஸ் போட்டு உட்டிருக்கறேன்!"

நான் சிரித்ததும் ஈரத் துணி என் முகத்துக்கு வந்தது.

அப்பாதான் சமாதானமாக ஒரு வழி சொன்னார். "அந்த நல்ல நம்பரையே காட்டிப்போட்டு வந்துரு கண்ணு. ஆரு கண்டா?"

"சாயப்பட்டறையில வண்டிக்கு வண்டி ஆருங்கப்பா சாஃப்ட்னர் துணியில தொடைச்சு உட்டுக்கிட்டிருப்பாங்க?"

மறுநாளிலிருந்து பஞ்சிலேயே துடைத்து எல்லாவற்றையும் புதிதாக ஓட்டினாள். தரையோடு படுத்திருந்த கோடு எழுந்து மேலே போனது. ஆனாலும் வெறும் பிசினைவிடக் கற்றாழை நார் சேர்த்தது குறைவாகவே தேய்ந்தது. நார்களின் முனை தட்டைப் பார்த்து நிற்கும்படி வார்த்தபோது இன்னும் குறைந்தது. பெருமையடிக்க ஒன்றுமில்லை, நடந்தது அதுதான்.

ரிவ்யூ அன்று நான் யூனிட்டில் கட்டிங் மாஸ்டரோடு நின்றுகொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் சேர்ந்தவர். காலையிலிருந்து நான் செல்போனைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது கூப்பிட்டாள்.

"அண்ணா, முழுக் கதையும் சொல்லீட்டனுங்க. சார் கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுச் சிரிச்சாருங்க. அப்புறம் அந்த மூணு பேரையும் கூப்பிட்டு, நீங்க எதுல தொடைச்சீங்கன்னு கேட்டாரு. அவுங்களும் முதல்ல இருந்து ஓட்டோணும்."

"அது கெடக்கட்டும். உன் தலைப்பு?"

"தட்டைக் கொண்டாரச் சொல்லி நகத்துல தடவிப் பாத்தாருங்க. கண்ணாடி நாரு ஓடுன எடமெல்லாம் கீறல். நம்மது ஓடுன எடம் அப்படியே இருக்குது, வண்டி அச்சைக் கெடுக்காதுங்க. இதை எங்கிட்ட மொதல்லயே ஏம்மா சொல்லலேங்கறாரு. கற்றாழையேதானுங்கண்ணா!"

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன முதலாளி, தங்கச்சி பாஸா?" என்றார் மாஸ்டர்.

"பாஸெல்லாம் இல்லீங்க. இதையே தொடர்ந்து செய்யலாம்னு சொல்லியிருக்காங்க."

"செய்யச் சொன்னதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

ஆமாங்க என்றேன்.