அறுபத்துநான்கு கம்ப்யூட்டரும் ஒரு கையெழுத்தும்

உமாமகேஸ்வரி மாதிரிப் பிடிவாதக்காரியை டெல்லி லோதி ரோடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்து மேஜை சேஷன் சொல்கிறேன், நம்புங்கள். நாலு வருடமாக லீவே எடுக்காதவள். எங்கள் பிரிவில் புரோகிராமில் ஒரு வரி மாற்றவேண்டும் என்றாலும் அவள் பார்த்துச் 'சரி' சொல்லியாகவேண்டும்.

அவள் கட்டிக்கொண்டிருந்தது ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே கம்ப்யூட்டராக வேலை வாங்குவது. எட்டு இருந்தபோது பறந்தது. அறுபத்துநான்கு ஆக்கினோம், அவ்வளவுதான், படுத்துவிட்டது! "மூன்று வாரத்தில் ஓடாவிட்டால் மூடிவிடலாம்" என்றார் டைரக்டர் கபூர் மேடம். உமாவுக்கு முகமே செத்துவிட்டது.

காரணம் எனக்குத் தெரிந்தது. எந்தக் கம்ப்யூட்டருக்கு எது வேண்டுமானாலும் முதல் கம்ப்யூட்டரிடம் அனுமதி வாங்கவேண்டும். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் சென்ட்ரல் கவர்மெண்ட் குமாஸ்தாக்கள். பெண் வேறெப்படிக் கட்டுவாள்? சொன்னேன். "உங்க வேலையப் பாருங்க சேஷன்" என்றாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம் கணவர் நல்லசிவத்துக்கு ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தாள். அவர் ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அன்று லீவு போட்டு ஆர்.கே.புரம் வீட்டில் இருந்தார்.

"ஏங்க, உங்க கையெழுத்துக்கு அங்க எல்லாரும் காத்துக்கிட்டுக் கெடப்பாங்களே?"

"எதுக்கு? சின்ன பைலை அவங்களே முடிச்சிருவாங்க. பெருசுக்கு லிங்க் ஆபீசர் இருக்காரே, நான் இல்லாதப்ப அவர் போட்டுருவாரு. நீ சாப்ட்டியா?"

போனை வைத்துவிட்டுக் கத்தினாள்: "சேஷன்! எட்டெட்டாப் பிரிங்க! ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு செக்‌ஷன் ஆபீசர், ஒரு லிங்க் ஆபீசர்! ஜல்தி!"

கெடு நாளன்று அறுபத்துநான்கும் ஜோராக ஓடின. கபூர் மேடம் ஒரு தரம் பார்த்தார். எழுந்து போனார்; முதல் கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டார்! அடக் கடவுளே! திரையில் எண்கள் நின்றன. ஒரு நொடி. மறுபடி ஓடின! அந்த எட்டின் லிங்க் ஆபீசர் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது.

"அச்சா! நடத்துங்கள்" என்றார் மேடம். உமா நாற்காலியோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். நான் விசிலே அடித்துவிட்டேன், ஐம்பத்திரண்டு வயதில்.

சாயங்காலம் என் மேஜையில் ஒரு தாள் வந்து விழுந்தது. பத்து நாள் லீவு விண்ணப்பம். லிங்க் ஆபீசர் என்ற இடத்தில் என் பெயர்.

"ஏதாவது மாத்தணும்னா போன் பண்ணட்டுமா?" என்றேன்.

"பண்ணினீங்கன்னா கொன்னுருவேன். நீங்களே 'சரி' சொல்லிருங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.