ரோசாப்பூவுக்குப் போட்ட புள்ளடி

காலையில் வாசல் கூட்டப் போனால் மதில் முழுக்கத் தேர்தல் நோட்டீஸ். பசை இன்னும் காயவில்லை. வேறு நேரமென்றால் ஏசிக்கொண்டே கிழித்திருப்பேன். ஆனால் ஒரு நோட்டீஸில் ஒரு பெண், முக்காட்டோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறா. தும்புத்தடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். உம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன். உம்மா போன நோன்பில் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டா. வாய்க்கு அது இன்னும் விளங்கவில்லை.

அந்தப் பசை மணம் இருக்கிறதே, அது எங்கள் குசினி மணம். தேர்தல் வந்தால் மாமாவின் கட்சிக்குக் கோதுமை மாப் பசை காய்ச்சுவது உம்மாவின் வேலை. மாமா உம்மாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்த ஆண்பிள்ளை. வாப்பா எங்களை விட்டுப் போனபோது, கூரை ஒழுகின எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டுத் தந்தவர். அதனால் அவர் காட்டுகிற விளக்குச் சின்னத்துக்குத்தான் வாக்குச்சீட்டில் உம்மா கீறுகிற புள்ளடி. கட்சி என்ன சொல்கிறது என்று உம்மா கேட்டதே இல்லை. ஓடு போட்ட கைக்கு வேறென்ன கொடுப்பது?

நான் எட்டாம் வகுப்போடு நின்று, கல்முனைக்குடியில் ஒரு தையல் கடைக்கு அபாயா தைக்கப் போனேன். எங்கள் வட்டாரத்து றிபாயா தாத்தாவும் அங்கேதான் தைத்தா. எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா. நான் அவவைப் பற்றிக் கதைக்கக் கேட்ட வெளியூர்ச் சிநேகிதி ஒருத்தி, யாரோ கிழவனைப் பற்றிச் சொல்கிறேன் என்று நெடுநாள் நினைத்திருந்தாள்.

நான் முதன்முதல் வாக்குப் போட்ட அந்த உள்ளூராட்சித் தேர்தலில், பெண்களையும் நிறுத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. தேத்தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தல் சின்னத்தில் போட்டியிட்ட ஒரு சுயேச்சைக் குழு பெண் தேடி அலைந்து, கடைசியில் தையல் கடை வாசலுக்கு வந்தது.

"பேரை மட்டும் தாங்க தாத்தா. நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. உங்கட வட்டாரத்துல எப்பிடியும் விளக்குத்தானே வெல்லும்."

பெயர் கொடுத்தா. நோட்டீஸ் வந்தது. ஆண்களெல்லாம் கோட்டுப் போட்டு நின்றார்கள். தாத்தாவின் பெயருக்கு மேலே முகம் இல்லை, ஒரு ரோசாப்பூ. பொம்பிளைப் படத்தைத் தெருவில் ஒட்டக்கூடாதாம்.

"தாத்தா, படத்துல நல்ல செவப்பா இரிக்கீங்க!" என்றேன்.

"ஓம்டி. பவுடர் போடாமலே."

எல்லோரும் சிரித்தோம். அவ மட்டும் அந்த நோட்டீஸை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

அடுத்த நாள் பின்னேரம் வாக்குக் கேட்கத் தொடங்கிவிட்டா. தெருவால் அல்ல. அப்போது எங்கள் பக்கம் வளவுக்கு வளவு கிடுகு வேலிதான். பெண்கள் தெருவில் ஏறாமலே போய்வர வேலியில் ஓர் இடைவெளி விட்டிருப்போம். தாத்தா அதற்குள்ளால் நுழைந்து குசினிக் குசினியாகப் போனா. தெருவில் விளக்குக் கட்சியின் லவுட்ஸ்பீக்கர் கத்திக்கொண்டு போகும். பின்பக்கத்தில் தாத்தா பலகையில் குந்தித் தேங்காய் துருவிக் கொடுத்தபடி கதைப்பா.

"கேத்தல் குசினிச் சாமான்தானே, அதான் குசினிக்குள்ள வாறன்," என்று எங்கள் வீட்டிலும் வந்து இருந்தா. "நீங்க சந்தைக்குச் சட்டை விக்கப் போறீங்களே மச்சி, அங்க தண்ணி குடிக்கிறீங்களா?"

உம்மா அடுப்பை ஊதினா. சந்தையில் பெண்களுக்குக் கக்கூஸ் ஒன்று இருந்தது, பூட்டியபடி. அந்தப் பூட்டின் திறப்பு எந்த ஆணிடம் இருக்கிறது என்று எந்தப் பெண் கேட்பாள்? உம்மா விடியப் போய், நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை ஒரு சொட்டு வாயில் வைக்காமல் இருந்து, வீட்டுக்கு ஓடி வருவா. அதைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் கதைத்ததில்லை.

"நான் வந்தா அந்தத் திறப்ப வாங்குவன்," என்றா தாத்தா. அவ்வளவுதான் அவவின் பிரச்சாரம்.

எனக்குத் தாத்தாவுக்குப் போட ஆசை. ஆனால் அந்தத் தேர்தலில் வாக்குப் போடுகிற பள்ளிக்கூடத்திலேயே எண்ணுவார்கள். எங்கள் தெரு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பின்னேரமே தெரிந்துவிடும். விளக்குக்குக் குறைந்தால் மாமா எங்களைத்தான் பார்ப்பார். உம்மாவுக்கு இருந்த ஒரே ஆண் துணை அவர். அவர் முகத்தைத் திருப்பினால் உம்மா எங்கே போவா?

வாக்குப் போடுவதற்கு முதல் நாள் மாமா வந்து, சிந்தின தேத்தண்ணியில் விரலைத் தொட்டு மேசையில் பெட்டி கீறிக் காட்டினார். "மகள், இதுதான் விளக்கு. இதுக்கு நேர புள்ளடி. வெளங்கிச்சா?"

"ஓம் மாமா."

"ஓம் காக்கா," என்றா உம்மாவும்.

வாக்குச் சாவடி வரிசையில் உம்மா எனக்கு முன்னால் நின்றா. திரும்பிப் பாராமலே மெல்லச் சொன்னா: "உள்ளுக்குப் போனா மாமாவும் இல்ல, உம்மாவும் இல்ல. உன்ட கையும் பேனையும்தான்."

நான் கேத்தலுக்குப் போட்டேன். அவசரத்தில் புள்ளடி கோணிவிட்டது. யாருக்குப் போட்டோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லாமலே வீட்டுக்கு நடந்தோம். என் சிந்தனையெல்லாம் அந்தக் கோணல் புள்ளடியை எண்ணுகிற இடத்தில் மாமா கண்டு, என்னுடையது என்று பிடித்துவிடுவார் என்பதுதான். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

தாத்தா வென்றுவிட்டா.

அடுத்த நாள் மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா முன் அறையில் கதிரையில் சாய்ந்தார். "நம்மட பொண்டுகள்தான் கிறுக்கு வேல பாத்திரிக்கு. எந்த ஊட்டுப் பொண்டுகள் எண்டுதான் தெரியல்ல."

நான் குசினிக்குள் ஓடிவிட்டேன். உம்மா தேத்தண்ணி ஊற்றுகிறா. ஒரே கோப்பைக்கு இரண்டு தரம் சீனி போடுகிறா. பின்னால் மாமி வந்து கதவைச் சாத்தினா. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"மச்சி," என்றா மாமி, உம்மாவின் காதுக்குள். "அல்லாஹ்வுக்காக இவருக்கிட்டச் சொல்லிராதீங்க. நான் கேத்தலுக்குப் போட்டுட்டன்."

உம்மா அவவைப் பார்த்தா. "நானும்தான் மச்சி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

முக்காட்டு முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டு மூன்று பேரும் சிரித்த சிரிப்பு! ஆளுக்கு ஆள் பயந்து, ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம். மாமி தரையிலேயே குந்திவிட்டா.

"என்ன கா அங்க சிரிப்பு?" மாமாவின் குரல்.

"ஒண்டுமில்ல காக்கா, பூன!" என்றா உம்மா. எங்கள் வீட்டில் பூனை இல்லை.

மாமாவுக்குப் பிறகு விளங்கியிருக்கும். மூன்று பெண்களின் முகத்தை எத்தனை நாள் மறைப்பது? ஆனால் அவர் முகத்தைத் திருப்பவில்லை. வழக்கம்போல வெள்ளிக்கிழமை மீன் கொண்டுவந்தார். சந்தைக் கக்கூஸும் திறபட்டது. உம்மா போத்தலில் தண்ணீர் கொண்டுபோய், சந்தை நடுவில் இருந்து எல்லோரும் பார்க்கக் குடித்தா.

இன்றைக்கும் மாமா மீனோடு வந்தார். நரைத்துவிட்டார். இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஆருக்குப் போடப் போறாய் மகள்?"

"இன்னும் யோசிக்கல்ல மாமா."

"சரி, யோசிச்சிப் போடு."

அவ்வளவுதான். இதற்குத்தானா அன்றைக்கு அப்படிப் பயந்தோம் என்று சிரிப்பு வந்தது. அவர் போனதும் மீனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். இப்போது கதவைச் சாத்தத் தேவையில்லை, வாயைப் பொத்தத் தேவையில்லை, சத்தமாகவே சிரிக்கலாம். "உம்மோய், மாமா என்ன சொன்னாரு தெரியுமா?" என்றேன்.

மீன் சட்டிதான் இருந்தது.