ஓட்டோக்காரன் பாய் விரித்த கதை

பாய்ப்படகில் வேலை என்றால் ஹாயாகக் காற்று வாங்கலாம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். காற்றிடம் நன்றாக வாங்கிக் கட்டுவதுதான் அந்த வேலை என்பது பிறகே தெரிந்தது.

நடுவயதில் தொழில் மாற்றி அவதிப்படுகிறவர்களே, இது உங்களுக்காக. இருபது வருடம் ஏறாவூர்ப் பக்கம் ஓட்டோ ஓட்டினேன். ஒருநாள் எஞ்சின் இறுகி, ஓட்டோ ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நான் வழக்கமாக ஆட்களை இறக்கும் பாசிக்குடா விடுதிக்காரர் அப்போதுதான் ஒரு பாய்ப்படகு வாங்கியிருந்தார். அதன் கப்டன் மதுரா, வெளிநாட்டில் படித்துச் சான்றிதழ் எடுத்த பிள்ளை, என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். அவளுக்கு உதவிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

"அண்ணன், கடல் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டாள்.

"வாவிக்கரையில பிறந்தவன் தங்கச்சி!" என்றேன். வாவி வேறு, கடல் வேறு என்பதை இரண்டு பேருமே அந்த நேரம் யோசிக்கவில்லை.

தன்னாமுனையில் முதல் பாடம்

பெரிய படகில் ஏறுமுன் சின்னதில் பழகவேண்டும் என்று தன்னாமுனை வாவிக்குக் கூட்டிப்போனாள். சுக்கானைத் திருப்ப ஒரு தடி இருக்கும். தடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். சொல்லும்போது விளங்கியது. கைக்கு மட்டும் விளங்கவில்லை. இருபது வருட ஓட்டோக் கை அல்லவா!

எதிரே ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அவரை விட்டு விலகத்தான் திருப்பினேன். படகு நேராக அவரிடமே போய், அவருடைய வலையை நடுவால் இழுத்துக்கொண்டு நின்றது. மனிதர் ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"எங்கட சந்தியில ஓட்டோ ஓடின அண்ணன்தானே? அங்கயும் இப்பிடித்தான், ஆளைக் கண்டாக் கிட்ட வந்து நிப்பாட்டுவீங்க."

ஆடுகிற அடுப்பு

பெரிய படகில் சமையல் என் பொறுப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் அடுப்பு ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடியது. யாரோ ஆணியைச் சரியாக முறுக்கவில்லை என்று நினைத்து, நைலோன் கயிறு எடுத்து அசையாமல் இறுக்கிக் கட்டினேன். மதுராவுக்குச் சொல்லவில்லை. கேட்காமலே ஒரு வேலை செய்துவைத்தால் மதிப்புக் கூடும் என்று ஒரு நப்பாசை.

காற்றுப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. கட்டிவைத்த அடுப்பும் படகோடு சேர்ந்து சாய்ந்தது. ஒரு சட்டி மீன் சொதி அப்படியே கப்டனுடைய படுக்கையில் போய் இறங்கியது. மதுரா வந்து படுக்கையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"படகு சாஞ்சாலும் சட்டி நேரா நிக்கட்டும் எண்டுதான் அண்ணன், அதை ஆடுற மாதிரிச் செஞ்சு வச்சிருக்காங்க."

திருகோணமலைக்கு

முதல் நீண்ட பயணத்துக்கு வந்தவர்கள் காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஒரு காக்காவும் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) அவர் மனைவியும். விடியற்காலையில் பாய் விரித்தோம். கரை மறைந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிட்டது. பிறகு நடந்ததை எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். பயணிகளுக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டிய நான் மேல்தளத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். அந்த அம்மா தேசிக்காய் வெட்டிப் புளிப்பு மணக்க மூக்கில் பிடித்தார். காக்கா விசிறினார். என் மதியச் சமையலையும் அவர்களே செய்து, எனக்குக் கஞ்சி வேறு வைத்துத் தந்தார்கள். வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டே குடித்தேன்.

"சும்மா படுத்துக்கிட்டு வரலாம் எண்டு வந்தது நாங்க, படுத்துக்கிட்டு வாறது நீங்க" என்றார் அந்த அம்மா.

திரும்பி வந்தது

திருகோணமலையில் அவர்களை இறக்கிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். பட்ட அவமானத்தைக் கழுவ நினைத்து, தளம் முழுவதும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பாயைச் சரிசெய்ய ஓடிய மதுரா அதில் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு கண்முன்னே வீங்கியது. எஞ்சினைப் போட்டோம்; கடலில் மிதந்த கிழிந்த வலைத்துண்டு ஒன்று அதன் தண்ணீருக்கடி விசிறியில் சுற்றி அதுவும் நின்றது.

"அண்ணன், நீங்கதான் கொண்டுபோகணும்" என்றாள். வலியில் அவள் உதடு வெளுத்திருந்தது. சுக்கான் தடியருகே குந்திக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்லத் தடியைத் தள்ளினேன். பாசிக்குடாவுக்குள் நுழையும் வாயில் இரண்டு பக்கமும் முருகைக்கல், பவளப்பாறை. தண்ணீருக்கடியில் கறுப்பாகத் தெரிந்தது. முதல் தடவை பயந்து வெளியே திருப்பிவிட்டேன். அவள் ஏசவில்லை. "இன்னொருக்காப் பாப்பம்" என்றாள். இரண்டாம் தடவை, மூச்சுவிட மறந்து, உள்ளே வந்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் நங்கூரத்தைத் தூக்கி எறிந்தேன். கயிறும் பின்னாலேயே முழுவதுமாகப் போனது. அதன் மறுமுனையைப் படகில் கட்டவேண்டுமாம். நெஞ்சளவு தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். படகு மெதுவாக மணலில் ஏறி நின்றது. கரையில் கைதட்டினார்கள்.

மதுரா மட்டும் தட்டவில்லை, ஒரு கைதானே. "நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான் அண்ணன், ஒத்துக்கொள்றன்."

வேலையை விடப் போனேன்

மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது. மாவுக்கட்டோடு இருந்தவளிடம் சவர்க்காரக் கதையைச் சொல்லி, "இனி வேணாம் தங்கச்சி, நான் நிண்டுக்கிறன்" என்றேன். அவள் மாவுக்கட்டை என் முன்னால் நீட்டினாள்.

"கையை ஒடைச்சவர் அது சுகமாகிற வரைக்கும் கூட நிண்டு வேலை செய்யணும், நாளைக்கு அஞ்சு மணிக்கு வாங்க, சவர்க்காரம் கொண்டுவராம."

நான் நல்ல மாலுமி ஆகிவிட்டேனா என்று கேட்காதீர்கள், என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் இதுவரை விண்ணப்பிக்காததால் வேலை பத்திரமாக இருக்கிறது.