மகளின் நெஞ்சில் கேட்ட சத்தம்

காரைக்குடியில் பழைய பைக் வாங்கி விற்பது என் தொழில். வண்டியைக் கொண்டுவரும் ஆள் அதில் குறை இருப்பதாகச் சொன்னதே இல்லை. அதனால் யார் எதைச் சொன்னாலும் இவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்றுதான் முதலில் யோசிப்பேன். கடையைப் பூட்டினாலும் அந்தப் புத்தி கூடவே வந்துவிடுகிறது என்பாள் என் மனைவி.

இளைய மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க அரசு வேன் ஒன்று வந்தது. அதில் வந்த இளம் பெண் டாக்டர் எங்களை வரச் சொல்லியிருந்தார். நானும் மனைவியும் போனபோது என் மகள் சட்டை இல்லாமல் பெஞ்சில் படுத்திருந்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அவள் நெஞ்சில் இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். உட்கார வைத்துக் கேட்டார். முதுகில் கேட்டார். தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி பார்த்தார்.

"இருதயத் துடிப்போட இன்னொரு சத்தமும் கேக்குதுங்க. நிறையப் பிள்ளைகளுக்கு இப்படிக் கேக்கும், அதுல பாதகம் இருக்காது. இவளுக்கு அப்படித் தெரியலை" என்றார்.

பிறகு என் மனைவியிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிக்கையில் நெற்றி வேர்த்ததா? நிறுத்தி நிறுத்திக் குடித்தாளா? அடிக்கடி நெஞ்சுச்சளி பிடிக்குமா? அழும்போது உதடு நீலமாகுமா? உதட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் என் மனைவி ஆமாம் என்றாள். ஒவ்வொரு ஆமாமுக்கும் அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. கேள்வி கேட்டே இந்த டாக்டரம்மா நோயை உண்டாக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது.

"மதுரையில குழந்தைங்க இருதய டாக்டர்கிட்ட காட்டி, எக்கோ ஸ்கேன் எடுத்துடுங்க."

"எந்த ஸ்கேன் சென்டருக்குப் போகணும்னு நீங்களே சொல்லிருவீகளோ?" என்றேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"பெரியாஸ்பத்திரியிலயே எடுக்கலாம். செலவு இல்லை" என்றார் டாக்டர், முகம் மாறாமல்.

செலவில்லை என்றதும் என் சந்தேகம் இன்னும் கூடியது.

காளையார்கோவிலில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன். "ஓடியாடித் திரியிற புள்ளைக்கு என்னடா கோளாறு? எங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு வா. கைராசிக்காரரு" என்றாள்.

மறுநாளே போனோம். கூட்டம் நெரிந்தது. என் மகள் வீறிட்டு அழுதாள். கைராசிக்கார டாக்டர் கவுனுக்கு மேலேயே கருவியை வைத்தார். அந்த நேரத்தில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டும் இருந்தார். "ஒண்ணும் இல்ல. சளிச் சத்தத்தைக் கேட்டுப் பயமுறுத்தியிருக்காங்க" என்று டானிக் எழுதிக்கொடுத்தார்.

அக்கா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் உறுத்தலாக இருந்தது. ஒன்றுமில்லை என்று இவ்வளவு வேகமாக ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது? அந்த இளம் டாக்டர் இங்கும் அங்கும் தேடித் தேடிக் கேட்டார். இவர் பிள்ளையின் கவுனைக்கூடக் கழற்றவில்லை. அழுகைச் சத்தத்தில் இவருக்கு எதுதான் கேட்டிருக்கும்? வேன் டாக்டர் மேல் இருந்த சந்தேகம் முழுவதும் இவர் மேல் திரும்பிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வெயிலுக்குச் சட்டை போடவில்லை. மூத்தவளைவிட இவளுக்கு விலா வேகமாக ஏறி இறங்குவதை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். இடது காரை எலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன். துடிப்போடு சேர்ந்து ஏதோ கிர்ரென்று அதிர்ந்தது.

"இங்க கை வச்சுப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் கை வைக்கவே இல்லை. "அது பச்சப்புள்ளையிலேருந்தே இருக்குங்க. எல்லாப் புள்ளைக்கும் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

பக்கத்தில் படுத்திருந்த மூத்தவளின் நெஞ்சில் கை வைத்தேன். துடிப்பு மட்டும்தான் இருந்தது. மனைவியும் வைத்துப் பார்த்தாள். அவள் எழுந்து துணிகளைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.

மதுரையில் எக்கோ பார்த்த டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சிவப்பாக ஒரு கீற்று விடாமல் பீறிட்டுக்கொண்டிருந்தது.

"தாய் வயித்துல இருக்கிறப்போ பிள்ளைக்கு இருதயத்துக்கு மேல இருக்கிற இந்தக் குழாய் வேணும். பிறந்த கொஞ்ச நாள்ல தானா மூடிக்கணும். இவளுக்கு மூடலை."

"ஓடியாடி விளையாடுறாளே சார்?"

"இப்போ விளையாடுவா. இப்படியே விட்டா இருதயம் பெருத்து, நுரையீரல்ல அழுத்தம் ஏறிடும். நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை ரத்தக்குழாய் வழியாப் போய் ஒரு அடைப்பானை வச்சு மூடிடலாம்."

"அது என்ன, இரும்பா? துருப்பிடிக்காதா?"

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து மாதிரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மெல்லிய கம்பியில் பின்னிய பொத்தான் போல இருந்தது. அமுக்கினால் ஒடுங்கியது, விட்டால் விரிந்தது. துருப்பிடிக்காது என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னேன்.

அடைப்பான் வைக்கும் நாளில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, கதவைத் திறந்து வெளியே வந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் எதையோ மறைப்பது போலத்தான் இருந்தது. அவள் கண் விழித்து முதலில் கேட்டது இட்லி. நெஞ்சில் கை வைத்தேன். அந்த அதிர்வு இல்லை. அதுவும் பயமாக இருந்தது. "துடிக்குதா பாருங்கம்மா" என்று நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் தன் கருவியை என் காதில் மாட்டிவிட்டார். லப் டப் என்று சுத்தமாகக் கேட்டது.

மறுபரிசோதனைக்குப் போனபோது மூத்தவளையும் அழைத்துப் போனேன். அவள் நெஞ்சிலும் லேசாக ஒரு சத்தம் இருப்பதாக டாக்டர் சொன்னதும் நான் எழுந்துவிட்டேன். அவர் அவளைப் படுக்க வைத்துக் கேட்டார், உட்கார வைத்துக் கேட்டார்.

"எழுந்து உட்கார்ந்தா குறைஞ்சிடுது. இது பாதகமில்லாத சத்தம்" என்றார். நான் விடாமல் நச்சரித்ததால் அவளுக்கும் எக்கோ எடுத்தார்கள். மூடாத குழாயோ ஓட்டையோ ஒன்றும் இல்லை.

"சளிச் சத்தமா இருக்குமோ சார்?"

"இல்லைங்க. நல்ல இருதயத்துலயும் இப்படி வரும்."

"வளர்ந்தப்புறம் எதுவும்..."

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "புள்ள நல்லா இருக்குன்னு அவுக வாயாலயே சொல்லிட்டாக. இன்னும் யாருகிட்ட கேக்கப் போறீக? வாங்க, பஸ் போயிரும்."

இளையவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.