செக்ரோலில் இல்லாத பெயர்

சோலைமலை படிக்கும் எம்.ஏ. பாடத்தையே பல்கலைக்கழகம் எடுத்துவிடப்போகிறதாம் என்று கொட்டகலைக் கடைவீதியில் யாரோ சொன்னார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் மகனான அவன்தான் அந்தப் பாடத்துக்கு ஒரே மாணவன். பதறிப்போய், லயத்துக்காரர்களுக்கு வரும் கடிதமெல்லாம் சேரும் தோட்டத்து ஆபீசுக்கு ஓடினான். பாடத்திட்டக் குழுவின் கடிதம் மூன்று வாரமாக அங்கே கிடந்தது. பதினைந்தாம் தேதிக்குள் மாணவர் ஆட்சேபம் வராவிட்டால் பாடம் நீக்கப்படும் என்றது.

“காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல பேர் கூப்பிட்டுத்தான் கடுதாசி குடுப்போம். வேலையாளுங்க பேர் பதியுற செக்ரோல்ல ஒம்பேரு இல்லியே” என்ற கிளாக்கர், கேலியாகச் சேர்த்துக்கொண்டார்: “எம்.ஏ. போனா என்னங்க தொரை, மம்பட்டி இருக்கு. நாளைக்கே பேர் பதிஞ்சிர்றேன்.”

அன்றுதான் பதினைந்து. கடைவீதியில் பெரியதம்பி முதலாளியின் கடையிலிருந்து குழுச் செயலாளருக்கு டெலிபோன் போட்டான். மாலை நாலரை; பல்கலைக்கழக ஆபீஸ் மூடும் நேரம் தாண்டியிருந்தது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.